ஐந்தருவி பெண்கள் மடத்தை நானே பூட்டிய விவரம்

அனுப்புநர்:
கு. சங்கரம்மாள் (வயது 72),
க/பெ. (லேட்) குத்தாலிங்கம்,
இலஞ்சி, தென்காசி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
வட்ட சட்டப்பணிகள் குழு,
நீதிமன்ற வளாகம், தென்காசி.

பொருள்: மாமியார் உயிலால் ஏற்பட்ட அறக்கட்டளை வழக்கில் எனக்கு வேறு வக்கீல் அமர்த்தவும், மடத்தை மறுபடி பார்வையிடவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அஞ்சாம் வகுப்பு படித்தவள். இதை நானே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுக்கவும். விஷயத்தில் பிழை இல்லை.

2. ஐந்தருவி போகிற வழியில் உள்ள பெண்கள் மடம் என் மாமியார் இசக்கியம்மாள் கட்டியது. அருவியில் குளித்த பெண்கள் ரோட்டோரம் சேலையை மறைப்புப் பிடித்து ஈரத்துணி மாற்றுவதைப் பார்க்கச் சகிக்காமல் கட்டினார்கள். காசு வாங்கக் கூடாது, சீசனில் கதவு சாத்தக் கூடாது, மூத்த மருமகள்தான் பொறுப்பு என்று உயில் எழுதினார்கள். தர்மம் நின்றுபோனால் ஆண் வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் அதில் உள்ளது. எல்லோருக்கும் அந்த வரியில்தான் கண்.

3. தர்மம் நடக்கவில்லை என்று என் கொழுந்தன் பலவேசம் வழக்குப் போட்டார். என் மகன் விஜயசங்கர், "நீங்க ஏம்மா அலையுதிய, நான் பாத்துக்கிடுதேன்" என்று வக்கீல் வைத்தான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பெற்ற மகனிடம் என்ன ஏது என்று கேட்கத் தோன்றவில்லை.

4. மடத்தைப் பார்வையிட கோர்ட் ஒரு வக்கீலம்மாவைக் கமிஷனராக அனுப்பியது. முந்தின நாள் மகன் வந்து, "கமிஷனர் பாத்துட்டுப் போறவரைக்கும் ஒரு ஆளையும் உள்ள விடக்கூடாதுன்னு கோர்ட் ஆர்டரும்மா, பூட்டிருங்க" என்றான். கோர்ட் வார்த்தை ஆயிற்றே என்று பூட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன். ஆலங்குளத்துக்காரி ஒருத்தி கைப்பிள்ளையோடு நின்று, "ஏ ஆச்சி, பிள்ளைக்கு ஒதறுது. கொஞ்சம் தொறங்க, ஒங்க மடத்தையா தூக்கிட்டுப் போகப் போறோம்?" என்றாள். நான் அசையவில்லை. அவள் ஆட்டோவுக்குப் பின்னால் போய்த் துணி மாற்றினாள்.

அந்நேரம்தான் கமிஷனர் அம்மா வந்து, பூட்டியிருக்கிறதா என்று கேட்டார். "ஆமா, நான்தான் பூட்டினேன்" என்று பூட்டை இழுத்தும் காட்டினேன். உத்தரவுப்படி நடந்துவிட்டேன் என்று எனக்கு அன்று பெருமை. சீசனில் மடம் பூட்டிக் கிடக்கிறது என்று அவர் கண்ணால் கண்டதை எழுதினார். அவர்மேல் குற்றமில்லை.

5. அடுத்த வாய்தாவில் அந்த அறிக்கைக்கு ஆட்சேபணை இல்லை என்று என் வக்கீலே சொன்னார். பதறி மகன் கையைப் பிடித்தேன். "சும்மா இருங்கம்மா, எல்லாம் பேசியாச்சு" என்றான், போனிலிருந்து தலை தூக்காமல். வெளியே வந்ததும் என்னைப் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு, பலவேசத்தின் காரில் ஏறிப் போனான். திரும்பிப் போய் கோர்ட் ஆபீசில் கேட்டேன். பூட்டச் சொல்லி ஒரு உத்தரவும் இல்லையாம்.

6. கொழுந்தன் எதிராளி, எதிராளி செய்வதைச் செய்தார். அதற்கு நான் அழவில்லை ஐயா.

7. அறிக்கை அப்படியே நின்றால் மடம் போய்விடும், லாட்ஜ் வந்துவிடும். ஆகவே தங்கள் குழுவிலிருந்து எனக்கு ஒரு வக்கீல் தந்து, ஆட்சேபணை போட்டு, வீட்டார் யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் மடத்தை வந்து பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். விஜயசங்கர் இனி என் சார்பில் பேசக் கூடாது. அடுத்த வாய்தாவில் அவனைப் பலவேசத்தின் பக்கம் உட்காரச் சொல்லவும். தாயும் மகனும் ஒரே கட்சி என்று நீதிபதி அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

இடம்: இலஞ்சி
நாள்: 11.08.2025

இப்படிக்கு,
கு. சங்கரம்மாள்
(என் கையெழுத்து)