நீ விழுந்ததை அறிந்தவள்

என் அண்ணாவுக்கு,

உன் மோட்டார் சைக்கிளை விழுத்திவிட்டேன். பதறாதே. நடக்கிற வேகம்தான். முழங்காலில் கொஞ்சம் தோல் போனது. ஒரு கண்ணாடி உடைந்தது.

டெங்கு உன்னைக் கொண்டுபோனதிலிருந்து அது முற்றத்தில், மழைக்கு மூடிய தறப்பாளின் கீழ் நின்றது. "ஓட ஆளில்லாத வண்டி என்னத்துக்குப் பிள்ளை?" என்றார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை நிலாவெளியிலிருந்து ஒருவர் விலை பேச வருவதாக இருந்தது. ஓட ஆள் இருக்கிறது என்று காட்டத்தான் வெளியே எடுத்தேன்.

கடற்கரை வீதி. காற்று தாரின் மேல் மணலைப் பரப்பியிருந்தது. வளைவில் ஒரு மான், வாயில் வாழைப்பழத் தோலுடன், நடு வீதியில். மாடுபோல மான்கள் வீதியில் திரியும் நம் ஊரில் மானுக்கு யார் ஹோர்ன் அடிப்பார்கள்? ஹாண்டிலைத் திருப்பியபடியே முன் பிரேக்கைப் பிடித்தேன். முன்சில்லு வழுக்கியது. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. காலால் தாங்கப் பார்த்தேன். ஏலவில்லை.

"தங்கச்சி, மானுக்கு விழுந்து கும்பிடுறியளோ?" என்றார் ஓட்டோக்காரர் ஒருவர்.

குனிந்து ஹாண்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ரீச்சர். சேலை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள்.

"ஐயோ, அப்பிடித் தூக்காதேங்கோ. நாரி பிடிச்சு நிமிர ஏலாமல் போயிடும்."

தலைப்பைச் செருகினாள். வண்டிக்கு முதுகைக் கொடுத்தாள். சீற்றில் இடுப்பை வைத்து, ஒரு கை ஹாண்டிலில், மறு கை பின்கம்பியில், சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தாள். வண்டி எழும்பிவிட்டது.

"ஆர் காட்டித் தந்தது?" என்று கேட்டேன்.

அப்போதுதான் வண்டி இலக்கத்தைப் பார்த்தாள்.

"இந்த வண்டியின்ர ஆள்தான். நீங்கள் அவரின்ர தங்கச்சி என்ன? அவரும் இந்த மணலில விழுந்தவர். எழும்பாமல் கிடந்து சிரிச்சவர்."

அவர். எங்கள் வீட்டில் உன்னை யாரும் அவர் என்று சொன்னதில்லை.

முன்பு உன் வண்டியின் சிக்னல் லைட் உடைந்தபோது, சந்தையில் யாரோ இடித்துவிட்டான் என்றாய். நம்பினோம். எங்களுக்கு நீ ஒருநாளும் விழாதவன். ஓடப் பழக்கு என்று உன்னை எத்தனை தரம் கெஞ்சினேன்? "பொறடி, உன்ர கம்பஸ் படிப்பு முடியட்டும்." அவளுக்கு மட்டும் என்ன முடிந்திருந்தது?

அவள் பெயர் சர்மிளா. உனக்குப் போய்ச் சொல்கிறேன், பார்.

அவளிடமே பழக்கச் சொல்லிக் கேட்டேன். வேறு வழி? சனிக்கிழமை பின்னேரம், மைதானத்தில். மெதுவாகப் போகும்போதுதான் வண்டி பாரம். ஹாண்டில் திரும்பியிருந்தால் முன் பிரேக்கைத் தொடாதே. கிளச்சைப் பாதியில் வை. விழப்போகிற இடத்தைப் பாராதே, போகிற இடத்தைப் பார். சாய்ந்துவிட்டால் விட்டுவிடு, காலைக் கொடுக்காதே. எல்லாம் உன் சொற்கள். அவள் வாயால் வந்தன.

மறுபடி விழுத்தினேன். அவள் கைகட்டி நின்றாள்.

"இப்ப நீங்கள் தூக்குங்கோ. நான் தொடமாட்டன்."

முதுகைக் கொடுத்தேன். எழும்பியது.

ஞாயிறு காலை நான் வண்டியை ஓடிக்கொண்டு படலைக் கதவைத் தாண்டி வந்ததை அம்மா பார்த்தார். விலை பேச வந்த மனிதரை வாசலிலேயே அனுப்பிவிட்டார். "என்ர மகள் ஓடுறாள். விக்கேல்லை, தம்பி."

அன்று பின்னேரம் மைதானத்தில் சர்மிளா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒருக்கா நான் ஓடிப் பாக்கட்டே?"

ஏலாது என்பது வாய்வரை வந்தது. சாவியைக் கொடுத்தேன்.

தூரத்தில் இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி, நீ இருப்பதுபோலவே இருந்து ஓடினாள். எனக்கு அப்படி இருக்க வரவில்லை. இறங்கியபோது கண் சிவந்திருந்தது. அந்த ஓட்டத்தில் உன்னோடு என்ன கதைத்தாள்? என்னைப்பற்றி எப்போதாவது அவளிடம் சொன்னாயா? இதைக்கூட அவளிடம்தான் கேட்க வேண்டுமா?

அவள் உனக்கு யாரென்று அம்மாவுக்கு நீ சொல்லவில்லை. உன் ஆண்டுத் திவசத்துக்கு அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து நானே சொல்வேன். கேட்கும்போதெல்லாம் சாவியையும் கொடுப்பேன். இது சத்தியம். பொறாமையை விடுவேன் என்று மட்டும் சொல்ல ஏலாது.

உன்னை இன்னும் முழுதாக அறியாத,
உன் ஒரே தங்கச்சி.