கரண்டு இல்லாத நாள்

மாமாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். மதுரை ஹாஸ்டலுக்கே திரும்பிவிட்டேன். எம்.சி.ஏ. கடைசி வருஷம் தொடங்கிவிட்டது.

லீவில் வந்தபோது நான் செய்தது இவ்வளவுதான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே என்று, சேலைப் பெட்டி அட்டையில் கீபோர்டு வரைந்து, தரையில் வைத்து விரல் பழகிக்கொண்டிருந்தேன்.

"படிச்சது போதும்னு சொன்னேன்ல" என்றீர்கள். கட்டையை எடுத்து நீங்கள் அடித்த முதல் அடியிலேயே நடுவிரல் உடைந்தது. கையை இழுக்கப் பார்த்தேன். மணிக்கட்டை மிதித்துக்கொண்டு மற்ற விரல்களையும் நசுக்கினீர்கள். அட்டையில் நான் வரைந்த எழுத்தெல்லாம் ரத்தத்தில் ஊறிப்போனது.

அத்தைதான் கையில் துணியைச் சுற்றி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். "விசைத்தறியில ஊடு நூல் ஓட்டுற நாடா தெறிச்சு அடிச்சிருச்சுன்னு சொல்லு தாயி" என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

கட்டுப் போட்ட நர்ஸும் நம் பாளையம்பட்டிக்காரிதான். அவள் வீட்டிலும் தறி இருக்கிறது. அத்தை மருந்து வாங்கப் போனதும் என் காதருகே குனிந்தாள்.

"காலையில இருந்து ஊருக்கே கரண்டு இல்ல. எந்தத் தறிம்மா ஓடுச்சு?"

எனக்கு அழுகைதான் வந்தது.

நேற்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த நர்ஸும் சாட்சி சொல்ல வருகிறாள். உங்களைத் தேடி வருவார்கள். நாடாதான் அடித்தது என்றே சொல்லுங்கள். எந்தத் தறி என்று அவர்களும் கேட்பார்கள்.

இப்படிக்கு,
இன்னும் ஐந்து விரல் மிச்சமிருக்கிறவள்