மெழுகு அடுப்பை எடுத்துப்போகச் சொன்னவனுக்கு

பாகூர்,
தை 3

அன்பு மகன் கலைவேந்தனுக்கு அம்மா எழுதுவது. பிரான்சில், துலூஸ் நகரில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம்தான், கோபம்தான் இறங்கவில்லை. போனில் பேசினால் குறுக்கே குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உன் மாமா குழந்தைவேல் வந்தான், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பாத்திக் வேலைக்கு நான் மெழுகு உருக்கும் அடுப்பைத் தூக்கி வண்டியில் கட்டிக்கொண்டான். ஏண்டா என்றால், நான் இன்னாக்கா பண்றது, ஒம் புள்ள போன் போட்டு எடுத்துனு போவச் சொல்லிட்டான் என்கிறான். அறுபத்திரண்டு வயதில் என் வீட்டில் எந்த அடுப்பு எரியலாம் என்று நீ சொல்ல வேண்டுமா? தை இருபதாம் தேதி புதுச்சேரிக் கண்காட்சியில் முதன்முதலாக ஒரு சுவர் முழுக்க என் துணிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், அது உனக்குத் தெரியும். ஆறு மாதம் விடியலில் மூர்த்திக்குப்பம் கடற்கரை மணலில் நின்று பார்த்த வெளிச்சத்தைத்தான் துணியில் கொண்டுவருகிறேன். பாத்திக்கில் வெளிச்சத்தைப் பிறகு போட முடியாது, மெழுகு பூசிய இடத்தில்தான் சாயம் ஏறாது, அதனால் முதலிலேயே பூசிக் காப்பாற்ற வேண்டும். அலைமேல் விழும் வெள்ளையை மூடி, மஞ்சளில் முக்கி எடுத்துவிட்டேன். மணலையும் மெழுகால் மூடினால்தான் நீலத்தில் முக்கலாம். சமையல் அடுப்பின் பெரிய தீ மெழுகுக்கு ஆகாது. அடுப்பு போனதால் கடலே இல்லாத கடற்கரை கொடியில் தொங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிர்க்கடை ஜெஸிமாதான், அவங்க வூட்டு அடுப்பாக்கா அது, நீ இன்னாத்துக்குக் குடுத்த என்று என்னைத் திட்டிவிட்டுத் தன் கரண்ட் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தாள். மணலை மூடிவிட்டேன், நாளை நீலம். நீ உன் மாமாவுக்குப் போன் போட்டு என் அடுப்பை இருந்த இடத்தில் வைக்கச் சொல்.

போன வாரம் வீடியோவில் என் கையில் துணிக்கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்ததும் மெழுகுதான் சுட்டது என்று முடிவு கட்டினாயே, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டாயா? உனக்குப் பார்சல் அனுப்ப அதிரசம் சுட்டபோது எண்ணெய் தெறித்தது. நன்றாக இருந்தது, இன்னும் அனுப்பு என்றாய். அதிரசம் சுட்ட அந்தச் சமையல் அடுப்பை எடுத்துப்போக நீ யாரையும் அனுப்பவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். கண்காட்சி முடியும்வரை அதிரசம் கிடையாது.

இப்படிக்கு,
உன் அம்மா,
மஞ்சுளா