ஒன்பதாவது கேள்வி

14 ஒக்ரோபர் 2024

காலையில் எட்டுத் துளி மருந்து, இரவில் பன்னிரண்டு. இன்றைக்கும் கிளறா தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடியே நித்திரையாகிப் போனாள். பாதித் தேநீர் பள்ளிக்கூடச் சட்டையில். மாற்றிவிட்டு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பின்னேரம் சமூக சேவகி சில்வானா வந்தார். பலெர்மோவின் அல்பெர்கேரியாவில் எங்கள் நாலாம் மாடிக்கு ஏறி வந்தால், மூச்சு வாங்கிக் கதைக்க அவருக்கு ஐந்து நிமிஷம் வேண்டும். புதுத் தாள் ஒன்று கொண்டு வந்திருந்தார். வளர்க்கக் கொடுத்த பிள்ளைக்கு மனநல மருந்து கொடுத்தால், வளர்ப்பவர் மாதம் ஒருமுறை அதை நிரப்ப வேண்டுமாம். நீதிமன்றத்து டொக்டர் வாசித்து, மருந்தைத் தொடர்வதா குறைப்பதா என்று சொல்வார். பதினான்கு கேள்வி. “டொக்டர் உங்கள் வீட்டில் இல்லை, சிஞ்ஞோரா. நீங்கள் எழுதுவதுதான் அவருக்குத் தெரியும்” என்றார்.

15 ஒக்ரோபர்

தாளை மேசையில் வைத்துவிட்டு ஸ்ரனியைப் பார்த்தேன். என் மனுசன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“எல்லாம் நல்லம் எண்டு போடு. கனக்க எழுதினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்.”

அவர் சொல்வதும் சரிதானே? கிளறாவின் தாய் அருள்நாயகி செத்து இரண்டு வருஷம். நானும் அவளும் ஒரே கட்டடத்துப் படிகளைக் கழுவினவர்கள். தகப்பன் எங்கே என்று ஆருக்கும் தெரியாது. அதனால் கோர்ட்டு கிளறாவை எங்களிடம் அஃபீதோவில் விட்டது. வளர்க்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. நினைத்த நேரம் திருப்பி எடுப்பார்கள். எங்களுக்கும் பிள்ளை இல்லை.

தாய் போன பிறகு அவள் பட்ட பாடு! வகுப்பில் கதிரையை எறிந்தாள், ரீச்சரின் கையைக் கடித்தாள். கிழமைக்கு மூன்று தரம் போன் வரும். வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் கெஞ்சிவிட்டு லிபெர்த்தா வீதியிலிருந்து ஓடி வருவேன். துளிமருந்து வந்த பிறகு போன் வருவதில்லை. எனக்கு அது நிம்மதியாய் இருந்தது. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

கொஸ்தூராவில், விசா தரும் பொலிஸ் கந்தோரில், இருபத்திரண்டு வருஷம் வரிசையில் நின்று படித்த பாடம் ஒன்றுதான். என்ன கேட்டாலும் துத்தோ பேனே, எல்லாம் நல்லம். பதினான்கிலும் அதையே போட்டேன்.

2 நவம்பர்

இறந்தவர்களின் நாள். அருள்நாயகியின் கல்லறைக்குப் பூ கொண்டு போனோம். போன வருஷம் இதே இடத்தில் கிளறா குழறி விழுந்து, ஸ்ரனிதான் தூக்கி வந்தவர். இன்று கொட்டாவி விட்டாள். “பஸ் எத்தினை மணிக்கு, அன்ரி?”

சனம் என்னிடம் வந்து, பிள்ளை நல்லாய்த் தேறிவிட்டாள் என்றது. ஓம் என்றேன்.

30 நவம்பர்

தாள் அனுப்பியாயிற்று. துத்தோ பேனே.

8 ஜனவரி 2025

கிளறாவுக்கு ஒக்ரோபருக்குப் பிறகு மாதவிடாய் வரவில்லை. நான் வாங்கி வைத்த பக்கெற் உடையாமல் கிடக்கிறது. பதின்மூன்று வயது — இந்த வயதில் முன்பின்னாய்த்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் இருக்கும். வேறென்ன?

11 ஜனவரி

உடுப்புத் தோய்க்கையில் அவளின் ரீசேட்டைப் பார்த்தேன். நெஞ்சுப் பக்கம் வெள்ளையாய்க் காய்ந்த கறை. முகர்ந்து பார்த்தேன். பால்.

என்ரை ஆண்டவரே. பிள்ளைக்கு மாதம் தப்பிப் போச்சு, இப்ப இது. ஆர் என்ன செய்தவன்? எந்த நாய்? நான் வேலைக்குப் போற நேரத்திலையோ?

கூப்பிட்டுக் கேட்டேன். போனைப் பறித்துத் தட்டிப் பார்த்தேன். “ஆரடி? சொல்லு, ஆர்?” அவள் விளங்காமல் முழிசினாள். அறைந்தேன். கன்னத்தில், இரண்டு தரம்.

அவள் அழவில்லை. பாதி மூடின கண்ணோடு, “ஒருத்தரும் இல்லை, அன்ரி. எனக்கு நித்திரை வருது” என்றாள்.

13 ஜனவரி

பரிசோதனைப் பெட்டியை லிபெர்த்தாவில் வாங்கினேன். இங்கே வாங்கினால் ஞாயிறு பூசைக்கு முன் சனம் முழுக்கக் கதைத்துவிடும். ஒரு கோடுதான் வந்தது. ஒன்றும் இல்லை.

குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பால் எங்கிருந்து வந்தது என்று கேட்க அறிவு வேலை செய்யவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. கோழிப்பொரியல் செய்து கொடுத்தேன்.

31 ஜனவரி

தாள். முதல்முறையாய் ஒவ்வொரு கேள்வியையும் நின்று வாசித்தேன். ஒன்பதாவது: மாதவிடாயில் மாற்றம் உண்டா? மார்பில் கசிவு உண்டா?

அப்படியே கேட்டிருக்கிறது! எந்த ஆம்பிளை வாசிப்பானோ, எத்தனை கந்தோர் மேசை ஏறி இறங்குமோ? குமர்ப்பிள்ளையின் உடம்புக் கதையைக் கடுதாசியில் எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்புவதா? நான் சந்தேகப்பட்டதைப் போல அவர்களும் சந்தேகப்பட்டால்? என் வீட்டில் வைத்து நடந்தது என்றால்?

‘இல்லை’ என்று புள்ளடி போட்டேன்.

18 பெப்ரவரி

கோர்ட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. “பொறுப்பாளரின் அறிக்கைகளின்படி, பிள்ளை மருந்தை நன்றாக ஏற்றுக்கொள்கிறாள். இதே அளவு ஆறு மாதத்துக்குத் தொடரலாம்.”

ஸ்ரனிக்குச் சந்தோஷம். நான் இன்னொருமுறை வாசித்தேன். நான் எழுதியதைத்தான் திருப்பி எனக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

19 பெப்ரவரி

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வரும் தாளை எந்த மாதமும் வாசிக்காமல் எறிந்தவள் நான். இன்று விரித்து, போனில் ஒவ்வொரு சொல்லாய்ப் போட்டுப் பார்த்தேன். நித்திரை. கைநடுக்கம். உடம்பு வைத்தல். மாதவிடாய் நிற்றல். மார்பில் பால் கசிதல்.

எல்லாம் இருக்கு. எல்லாம் எழுதிக் கிடக்கு. மருந்து செய்ததுக்கு நான் பிள்ளைக்கு அடிச்சிருக்கிறன். கோர்ட்டு என்னட்டை அதைத்தான் கேட்டது, நான் இல்லை எண்டு போட்டன். எடி கத்தரீனா, உனக்கெல்லாம் ஒரு பிள்ளை!

20 பெப்ரவரி

“சொல்லாதை” என்றார் ஸ்ரனி. “இனிச் சொன்னால் முந்தி எழுதினது பொய் எண்டு தெரிஞ்சிடும். பிள்ளை போயிடும்.”

“சொல்லாட்டில் இன்னும் ஆறு மாதம் குடுக்கவேணும். உங்களாலை ஏலுமோ? துளியை நீங்கள் எண்ணி ஊத்துவியளோ?”

எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டார்.

24 பெப்ரவரி

சில்வானாவிடம் போய் எல்லாம் சொன்னேன். அறைந்ததையும். அவர் எழுத எழுத நான் அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4 மார்ச்

நீதிமன்றத்து டொக்டர் ஆம்பிளை இல்லை. நரைத்த தலை, என் வயசு. இரத்தம் எடுக்கச் சொன்னார், மருந்தைப் படிப்படியாய்க் குறைக்க எழுதினார். பிறகு என் ஜனவரித் தாளை முன்னால் வைத்தார்.

“ஏன் இல்லை என்று போட்டீர்கள்?”

“வெட்கம்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “இதை நம்பித்தான் நான் கையெழுத்து வைத்தேன்” என்று மட்டும் சொன்னார்.

28 மார்ச்

முடிவு வந்துவிட்டது. கிளறா மொன்றியாலேயில் வேறொரு குடும்பத்துக்குப் போகிறாள். நான் மாதம் ஒருமுறை பார்க்கலாம். காரணம் மூன்று வரி. ஒன்றும் பொய் இல்லை.

6 ஏப்ரல்

போய்விட்டாள். ஸ்ரனி கதைப்பதில்லை. சொன்னதற்காக நான் துக்கப்படவில்லை, பிந்திச் சொன்னதற்காகத்தான். ஆனாலும் அந்த அறைக்குள் போக முடியவில்லை.

26 ஏப்ரல்

முதல் சந்திப்பு. சில்வானா பக்கத்தில். பத்து நிமிஷத்தில் கிளறா எழும்பிப் போய்விட்டாள்.

31 மே

மருந்து முழுதாய் நின்று ஐந்து கிழமை. முகம் வடிந்து, கண் பெரிதாகியிருந்தது. கை நடுக்கமில்லை. புது வீட்டில் ஒரு கண்ணாடியை உடைத்தாளாம். அவர்கள் உடைந்ததைக் கூட்டிப்போட்டு அவளோடு இருந்து கதைத்தார்களாம்.

“நீதவான் என்னட்டை அந்தத் தாள் எல்லாம் காட்டினவ” என்றாள். “நாலு மாதம், எல்லாத்திலையும் பேனே, பேனே. நீங்கள் என்னைப் பாக்கேல்லையோ, அன்ரி?”

“பாத்தனான்.”

“பதினாலு கேள்வி. ஒண்டும் எனக்கில்லை. நீங்களாவது என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம்.”

அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள், மன்னித்தாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கேட்டேன், அந்த மாதங்கள் உனக்கு எப்படி இருந்தது என்று. சொன்னாள். காலையில் நாக்கு தடித்துக் கிடந்ததை, வகுப்பில் நெஞ்சு நனைந்தபோது புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்ததை, தனக்கு என்ன வருத்தமோ என்று ஆரிடமும் கேட்கப் பயந்ததை. பாதி தமிழ், பாதி பலெர்மோத் தெருப்பேச்சு. சில்வானா இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை.

எழும்பும்போது, “அடுத்த மாதம் வராதேங்கோ” என்றாள். “எனக்குப் பாக்கோணும் எண்டு வந்தால் நானே சொல்லுறன். அப்ப வாங்கோ.”

மாதம் ஒருமுறை எனக்கு உரிமை இருக்கிறது. கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

“ஓம் பிள்ளை” என்றேன். சில்வானா அதை எழுதிக்கொண்டார், நான் கையெழுத்து வைத்தேன்.