ஆக்டோபஸ் குக்கீயும் கிழிந்த பாக்கெட்டும்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம், என் பேன்ட் பட்டன் மட்டும் சௌக்கியமில்ல, ஏன்னு போகப்போகத் தெரியும். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லா இருப்பேன்னு நம்புறேன். போன்ல பேசினா உங்கம்மா பக்கத்துல நின்னு காதைத் தீட்டிக்கிட்டே இருக்கா, எதையும் முழுசா சொல்ல முடியல, அதான் கடிதம்.

குளியலறையில வழுக்கி அவ மணிக்கட்டு உடைஞ்சது உனக்குத் தெரியும், மாவுக்கட்டு பிரிச்ச பிறகு நடந்தது தெரியாது. கட்டைப் பிரிச்சதும் கை பழையபடி ஆயிடும்னு நினைச்சிருந்தா, பாவம். விரல் ஒழுங்கா மடங்கல, ஊசியில நூல் கோக்கப் போனா கை நடுங்குது. தினமும் ரப்பர் பந்தை அமுக்கணும்னு டாக்டர் சொன்னார், பந்து வச்சு விளையாட நான் என்ன நாய்க்குட்டியான்னு அதை அலமாரி மேல தூக்கிப் போட்டுட்டா. ஒருநாள் காய் வாங்கிட்டு வந்து பார்க்கிறேன், தையல் மெஷினைப் பழைய போர்வை போட்டு மூடியிருக்கு. இனிமே இது எனக்கெதுக்கு, யாராவது கேட்டா குடுத்துடுங்கன்னு சுவரைப் பார்த்துக்கிட்டே சொன்னா. இந்தத் தெருவுல பாதிக் குழந்தைங்களுக்கு ஃப்ராக் தைச்ச கை அது. ஏதோ சமாதானம் சொல்லப்போய் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். சரி, உன் இஷ்டம்னு கடைத்தெருவுல சொல்லி வச்சேன், ஒரு டாக்ஸி டிரைவர் ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்னார்.

இதுக்கு நடுவுல மாடி வீட்டு நர்ஸ் ஒரு தட்டு குக்கீயும் அது மேல பூசுற ஒரு கிண்ணம் சர்க்கரை ஐசிங்குமா வந்து நின்னா. ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டுக்கு மறுநாள் கொண்டுபோகணுமாம், ஐசிங்குல படம் போட வரேன்னவ கையை விரிச்சுட்டா, நீங்கதான்க்கா காப்பாத்தணும்னு கெஞ்சினா. என் கை லட்சணத்தைப் பாருன்னு உங்கம்மா கையை நீட்டினா. குழந்தைங்க சாப்பிடத்தான் போகுது, மார்க் போடப் போறதில்லன்னு சொல்லி, நர்ஸ் ஐசிங்கைப் பிழிஞ்சு கோடு போடுற பையை அந்தக் கையிலயே திணிச்சுட்டா. எனக்குக் கலக்குற வேலை. ஓரம் கட்ட கெட்டியா இருக்கணும், உள்ளே நிரப்ப கொஞ்சம் தளர்வா இருக்கணும், ஒரு சொட்டு பால் கூடினாலும் போச்சு, உங்கம்மாவோட கோபம் மாதிரிதான், எப்போ இளகும் எப்போ இறுகும்னு சொல்லவே முடியாது. மாடியில இருந்து அடுத்த தட்டு சுடச்சுட வந்தது. நான் சுறுசுறுப்பைக் காட்டுறேன்னு உடனே ஐசிங்கைத் தடவினேன், அது உருகி மேஜையில ஓடி என் மடியில வந்து உட்கார்ந்தது. ஆறின பிறகுதான் தடவணும்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல கத்தினாங்க. கெட்டதெல்லாம் என் வயித்துக்குன்னு தீர்ப்பாச்சு, பட்டன் கதை இப்போ புரிஞ்சிருக்கும்.

உங்கம்மா நட்சத்திரம் போட ஆரம்பிச்சா. கை நடுங்கி, கோடு மண்புழு மாதிரி நெளிஞ்சு, எல்லா முனையும் கால் முளைச்சுத் தொங்குது. பையைக் கீழே வச்சுட்டா, கண்ணு நிறைஞ்சுடுச்சு. நர்ஸ் எட்டிப் பார்த்து, ஐயோ அக்கா, ஆக்டோபஸ் பிரமாதம், இன்னும் கொஞ்சம் போடுங்கன்னா. உங்கம்மா ஒரு நிமிஷம் அந்தக் குக்கீயையே பார்த்தா, அப்புறம் குபீர்னு சிரிச்சுட்டா. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா. கண்ணுக்கு ரெண்டு புள்ளி வச்சா, அவ்வளவுதான், கை நிக்கல. நடுங்குற கோட்டுல ஆட்டுக்குட்டி ரோமம், கடலலை, சுருட்டை முடி, கடைசியா என் மொட்டைத் தலையும் அதுல மிச்சமிருக்கிற முடியும்.

மறுநாள் சாயங்காலம் நர்ஸ் வந்து, வார்டுல ஆக்டோபஸுக்குத்தான் அடிதடின்னு சொன்னா. கையில கட்டுப் போட்ட ஒரு வாலு, தன் ஆக்டோபஸுக்கும் ஒரு கால்ல கட்டுப் போட்டுத் தரணும்னு ஒரே அடமாம். அந்தச் சின்னக் கால்ல மெல்லிசா வெள்ளைக் கட்டு வரையுறது லேசுப்பட்ட காரியமா? உங்கம்மா அந்த வாரம் பூரா அடுப்படி மேடையில பையைப் பிழிஞ்சு பிழிஞ்சு பழகினா. நாளுக்கு நாள் விரல் மடங்குறதை நான் பார்த்தேன், அவ பார்க்கல. சொன்னா எங்க நிறுத்திடுவாளோன்னு நானும் கம்முனு இருந்தேன். வெள்ளிக்கிழமை கட்டுப் போட்ட ஆக்டோபஸ் ஆஸ்பத்திரிக்குப் போச்சு.

ஞாயித்துக்கிழமை டிரைவர் வந்தார், நல்ல ஆள், மனைவிக்கு மெஷின் வாங்கணுமாம். போர்வையை எடுத்துக் குனிஞ்சு பார்த்தார், சட்டைப் பாக்கெட் பாதி கிழிஞ்சு தொங்குது. உங்கம்மாவுக்கு அதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? சட்டையைக் கழட்டுங்கன்னா. மனுஷன் பனியனோட கூடத்துல உட்கார்ந்து குக்கீ தின்னுக்கிட்டு முழிக்கிறார். நூல் முதல் தடவை ஊசியில ஏறல, இன்னொரு தடவையும் ஏறல, நான் கையை நீட்டினேன், ஒரு முறைப்பு முறைச்சா பாரு. அடுத்த தடவை ஏறிடுச்சு. மெஷின் சத்தம் கேட்டதும் நான் சமையலறைக்குப் போய், கலக்க ஒண்ணுமில்லாத கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் கலக்கிக்கிட்டு நின்னேன்.

சட்டையைக் கையில குடுத்துட்டு, மெஷின் விக்கிறதுக்கில்ல, உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, நல்லதா ஒண்ணு நானே பார்த்து வாங்கித் தரேன்னுட்டா. அப்போ என்னை எதுக்குங்க வரச்சொன்னீங்கன்னு அவர் கேட்டார். இவரைக் கேளுங்கன்னு என்னைக் கைகாட்டிட்டு உள்ளே போயிட்டா. நானும் அசடு வழிஞ்சு, ஒரு டப்பா ஆக்டோபஸைக் குடுத்து அனுப்பி வச்சேன். தையல் லேசாக் கோணல்தான், ஆனா நான் மூச்சு விடல.

ராத்திரி கண்ணு முழிச்சு வேலை பார்க்காதே, காலையில வெறும் வயித்தோட ஓடாதே. குக்கீ பார்சல் வரும், வழியில உடைஞ்சிருந்தாலும் முழுசா வந்துச்சுன்னு சொல்லிடு. போன்ல கை எப்படி இருக்குன்னு கேக்காதே, என்ன தைக்கிறேன்னு கேளு. எந்தக் குறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும்மா.

என்றும் உன் நினைவாக,
ஐசிங் கலக்கும்
அப்பா

சுண்டு, இவர் எழுந்து போன நேரம் பார்த்துப் படிச்சுட்டேன். தையல் நேராத்தான் இருந்தது. கோணலா இருக்கிறது என்னோட இந்தக் கையெழுத்துதான், அதுவும் சரியாயிடும். உன் அளவு அனுப்பு.
அம்மா