கருவேலம் புதரில் கதிர்க்குருவி

மார்கழி, ஞாயிறு இரவு

குளிர்காலத்துக்கு எங்கிருந்தோ வரும் கதிர்க்குருவி இந்த வருஷமும் வந்துவிட்டதா என்று பார்க்க, விடியற்காலையில் என் வீட்டுக்காரரையும் எழுப்பிக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனேன். நல்ல குளிர். கருவேலம் புதருக்குள் 'டக், டக்' என்று சத்தம்.

"கேக்குதா?" என்றேன். இல்லையாம். காதைச் சுற்றியிருந்த மப்ளரை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தும் கேட்கவில்லை. இத்தனை வருஷமும் படகில் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்தவர்.

ஆனால் குருவி முதலில் பட்டது இவர் கண்ணில்தான். கடலில் மீன் கூட்டத்தைக் கண்டதுபோல, "தோ கீதும்மே!" என்று கத்தினார். அது பறந்தே போய்விட்டது. கோபத்தில் நான் விறுவிறுவென்று ரோட்டுக்கு நடந்தேன்.

ஷேர் ஆட்டோவில், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: "அது எப்டிமே கத்திச்சு?"

இவர் காதோரம் 'டக், டக்' என்று நாக்கைத் தட்டிக் காட்டினேன்.

"இன்னொரு தபா."

ஆட்டோவே திரும்பிப் பார்த்தது. இன்னும் பலமாகத் தட்டினேன்.

"ஆங், இப்ப கேட்டுச்சு" என்று சிரித்தார்.

காது டாக்டர் என்றால் வரமாட்டார். குருவிக்காக என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.