சிரிக்கக் கூடாத படம்

சாய்ந்தமருது
2024 மே 22

என்ட கெமரா மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் நம்மட மகள் ஹிமாயாவும் சுகம். வாசலில் படுக்கிற பூனையும் சுகம், அது நேரத்துக்குச் சாப்பிடுகிறது. நீங்கள் கப்பலில் எந்த நேரம் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கடிதத்திலாவது எழுதினீர்களா?

நோர்வேயில் எடுத்த படம் கிடைத்தது. "வாப்பா இந்தக் காலத்திலயும் முத்திர ஒட்டிக்கிட்டு இரிக்கார். போன்ல அனுப்பினா முடிஞ்சி" என்று ஹிமாயா சிரிக்கிறாள். அவளுக்கு என்ன விளங்கும்? போனில் வருகிற படம் விரல் பட்டால் ஓடிவிடும். இது என்ட தலையணைக்குக் கீழே கிடக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்ற என்னை இப்படிப் பக்கம் பக்கமாக எழுத வைத்ததும் உங்கட இந்த முத்திரைப் பைத்தியம்தான்.

மலை வடிவு. இரவு பத்து மணிக்கு எடுத்தது என்று பின்னால் எழுதியிருக்கிறீர்கள், பகல் போல வெளிச்சம். சுப்ஹானல்லாஹ். பொழுது பட்டால்தானே மஃரிப், அங்கே இருக்கிற ஆக்கள் அதை எப்போது தொழுவார்கள்? அதைப் பிறகு சொல்லுங்கள். எனக்கு முதலில் வேறொன்று தெரிய வேண்டும்.

மலைக்குக் கீழே, சிவப்பு வீட்டுக்குப் பக்கத்தில், கம்பு கட்டி வரிசையாக ஏதோ தொங்குகிறது. நீங்கள் அதைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். நான் ஹிமாயாட மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மச்சான், அது கருவாடு. கடற்கரையில் உம்மாவோடு எத்தனை பாய் கருவாடு விரித்திருப்பேன், எனக்குத் தெரியாதா? ஆனால் பனி கொட்டுகிற இடத்தில், வெயில் இல்லாமல், எப்படிக் காயும்? எவ்வளவு உப்புப் போடுகிறார்கள்?

கேட்டு எழுதுங்கள்.

உங்கட
ஸுஹைறா


கப்பலில் இருந்து
2024 யூலை 6

என்ட கேள்விக்காரிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சாப்பிடுகிறேன். எந்த நேரம் என்று மட்டும் கேளாதே.

அந்த மலைக்காக நான் குளிரில் விறைத்துப்போய் நின்றது உனக்குத் தெரியுமா? நீ கருவாட்டைப் பார்த்திருக்கிறாய்! கப்பல் திரும்ப அங்கே போனபோது மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே அந்தக் கம்புக்குத்தான் போனேன். கடைசிக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கருவாடுதான். ஆனால் உப்பே இல்லை. காற்றும் குளிருமே காயவைத்துவிடுமாம். தலையை வேறாகக் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். மீன் விறகுக்கட்டை மாதிரி இருக்கிறது, தட்டினால் சத்தம் கேட்கிறது. இறக்கிக்கொண்டு நின்ற மனிசனிடம், "இதை என்ட மனிசிதான் கேட்கச் சொன்னாள்" என்றேன். அவர் ஒரு மீனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். இத்தோடு வருகிற படம் அதுதான். மலையை விட இது நல்ல படம், உண்மையாகச் சொல்கிறேன்.

என்ட வேலை உனக்குத் தெரியும்தானே. கப்பலின் படியால் இறங்குகிற ஆக்களை நிறுத்தி, சிரிக்க வைத்து எடுப்பது. நாளுக்கு நானூறு முகம் வரும். இரவில் கண்ணை மூடினால் எல்லாரின் பல்லும் தெரிகிறது. உன்ட முகம் ஒன்றுதான் என்னிடம் இல்லை. சுனாமியில் கலியாண அல்பம் போன பிறகு, அடையாள அட்டையில் இருக்கிற அந்தச் சின்னப் படத்தை விட்டால் உனக்குப் படமே கிடையாது. ஊருக்கு வந்து கெமராவை எடுத்தால் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளிகிறாய். ஒளிகிற ஆளைத் திருட்டுத்தனமாக எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஒரு படம் அனுப்பு. ஹிமாயா எடுத்தாலும் பரவாயில்லை.

றாஸிக்


சாய்ந்தமருது
2024 செப்தெம்பர் 3

கெமரா மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உப்பில்லாத கருவாட்டுக் கதையை அஷ்ரப் காக்காவிடம் சொன்னேன். என்ட கூடப் பிறந்தவர்தான், ஆனாலும் சொல்கிறேன், அந்த மனிசனுக்கு எதையும் நம்பத் தெரியாது.

"ஒன்ட மாப்புள ஒன்ன ஏய்க்காருகா. உப்புப் போடாத மீன் நாறும், காயுமா?"

படத்தைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப ருசி இரிக்காது" என்று சொல்லி எழும்பிப் போய்விட்டார்.

என்ட படம் எதற்கு உங்களுக்கு? அந்த அல்பத்தில் இருந்தவளுக்கு இருபது வயது, இடுப்பு ஒரு பிடி. அவளைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது இருக்கிறவளை எடுத்தால் கெமராவுக்குள் கொள்ளாது. ஹிமாயா எடுக்க வந்தாள். "உம்மா, முகத்தில கையக் கொண்டு போகாம ஒரு நிமிஷம் இரிங்களன்!" என்று கத்திவிட்டுப் போனாள். என்னால் ஏலாது மச்சான். கெமராக் கண்ணைக் கண்டால் எனக்குக் கூச்சத்தில் கை தன்பாட்டில் மேலே போகிறது.

ஒன்று கேட்க வேண்டும். பாஷை தெரியாத நானூறு பேரை எப்படிச் சிரிக்க வைக்கிறீர்கள்? அவர்களிடம் என்னதான் சொல்வீர்கள்?

ஸுஹைறா


மொறோக்கோ
2024 ஒக்டோபர் 11

கேள்விக்காரிக்கு,

இங்கே மலையில் ஓர் ஊர், சுவர், படி, கதவு, பூச்சாடி எல்லாமே நீலம். வந்த ஆக்கள் எல்லாரும் சுவரைத்தான் எடுக்கிறார்கள். ஸுஹைறா என்றால் எதைப் பார்ப்பாள் என்று யோசித்தேன். அப்போதுதான் சுவருக்கு நீலம் பூசிக்கொண்டிருந்த இந்தப் பெண்ணைக் கண்டேன். கையைக் காட்டிக் கேட்டேன், தலையாட்டினாள். ஐம்பது வயதிருக்கும். முன் பல் இரண்டு இல்லை, முக்காட்டில் நீலச் சொட்டு. வாயைப் பொத்தாமல் எப்படிச் சிரிக்கிறாள் பார். இது என்ட ஆயுளிலேயே நல்ல படம்.

என்ன சொல்வேன் என்று கேட்டாய். வயதான ஐயா ஒருவர் மனைவியோடு வந்தால், "இவ உங்கட மகளா?" என்று கேட்பேன். மனைவி சிரித்துவிடுவார், ஐயாவுக்குச் சிரிக்காமல் இருக்க ஏலாது. ஜப்பான்காரர் வந்தால் அவர்கள் பாஷையில் "பசிக்கிறது" என்பேன், அந்த ஒரு சொல்தான் எனக்குத் தெரியும். பிள்ளைகள் என்றால் என்ட தொப்பியைக் கெமராவுக்குப் போட்டுவிடுவேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சொல் இருக்கிறது.

உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். கன காலமாக வைத்திருக்கிறேன். அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். என்ட கெமராவுக்கு முன்னால் வந்து இரு, சொல்கிறேன்.

றாஸிக்


சாய்ந்தமருது
2024 நவம்பர் 24

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே விடாமல் மழை. வாசலில் தண்ணீர், பூனை கட்டிலில், நான் பூனைக்குப் பக்கத்தில்.

நீலச் சுவர்க்காரியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் சிரிப்பு வந்தது. மறுகா யோசித்தேன், பல் இல்லாதவளே கூச்சப்படாமல் இருந்திருக்கிறாள், எனக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது. எனக்கென்ன கேடு?

சரி மச்சான், மாசியில் வாருங்கள். நான் இருக்கிறேன். ஒளிய மாட்டேன், கையைக் கொண்டுபோக மாட்டேன். அல்லாஹ் அறிய இது சொல். ஹிமாயாவுக்கும் சொல்லிவிட்டேன், அவள்தான் சாட்சி. "இப்பயே எழுதி ஒப்பம் வைங்க உம்மா" என்கிறாள்.

இது உங்களுக்காக மட்டும் இல்லை. எனக்கு என்ன சொல்ல வைத்திருக்கிறீர்கள் என்று தெரியாமல் சோறு இறங்குதில்லை. முதல் எழுத்தையாவது எழுத மாட்டீர்களா?

ஸுஹைறா


பினாங்கு, மலேசியா
2025 ஜனவரி 16

என்ட கேள்விக்காரிக்கு,

எழுத மாட்டேன்!

உன்ட கடிதத்தை வாசித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் ஜெமீல் குசினியில் இருந்து ஓடி வந்தான். எங்கட கப்பல் சமையற்காரன், அக்கரைப்பற்றுப் பொடியன், என்னை அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுகிறவன், முந்தியும் எழுதியிருக்கிறேன். "என்ன நானா, லொத்தர் சீட்டு விழுந்திட்டா?" என்றான். "அதுக்கும் மேல" என்றேன்.

எந்த இடம் என்று யோசித்து வைத்துவிட்டேன். நீ ஒளிகிற அதே குசினிக் கதவடி. காலை பத்து மணிக்கு அதால் வருகிற வெளிச்சம் மாதிரி நான் போன எந்த நாட்டிலும் காணவில்லை. அங்கே மரக் கதிரையைப் போடு. பச்சைச் சீலையை எடுத்து வை. நோன்புக்கு முன்னம் வந்துவிடுவேன்.

இந்தப் படத்தில் இருப்பது இங்கே கடலுக்கு மேலே கால் நட்டுக் கட்டின பலகை வீடுகள். உடுப்புக் காயப்போட்டிருக்கிறது, சைக்கிள் நிற்கிறது, கீழே தண்ணீர். உன்ட கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்கே தெரியும்.

இங்கே எங்களைப் போலத் தமிழ் கதைக்கிற முஸ்லிம் ஆக்கள் இருக்கிறார்கள். ஒரு கடையில் சோறு தின்றேன். கடைக்காரர் எந்த ஊர் என்று விசாரித்து, காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். இடது தோள் கொஞ்சம் பாரமாக இருக்கிறது. கெமராப் பையைச் சுமந்ததுதான், யோசியாதே.

றாஸிக்


சாய்ந்தமருது
2025 மார்ச் 20, நோன்பு

என்ட கெமரா மச்சானுக்கு,

உங்கட மௌத்துச் செய்திக்குப் பிறகுதான் இந்தக் கடிதம் வந்தது. தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அழுதார். ஹிமாயா வாங்கி வந்து என்ட மடியில் வைத்தாள். உங்கட கையெழுத்தைக் கண்டதும் உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

ஜெமீல் தம்பி போனில் எல்லாம் சொன்னார். பினாங்குக் கரையில் படம் எடுத்துக்கொண்டு நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகு முன்னம் முடிந்துவிட்டதாம். அன்றைக்கே அஸர் தொழுகைக்குப் பிறகு அங்கேயே அடக்கிவிட்டார்கள். காசு வாங்காத அந்தக் கடைக்காரர்தான் உங்களைக் குளிப்பாட்டினாராம். "தம்பி, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று தமிழில் சொல்லிச் சொல்லித்தான் தண்ணீர் வார்த்தாராம். இதைக் கேட்ட பிறகுதான் நான் சோறு தின்றேன்.

இப்போது இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்தான். வருகிற பெண்கள் எல்லாம், "அடஞ்சி கிடக்கிற கஷ்டமா புள்ள?" என்று கேட்கிறார்கள். நான் எங்கே அடைந்து கிடக்கிறேன்? படங்களைப் பாயில் பரப்பி வைத்தால் ஒரு நாள் நோர்வேயில் இருப்பேன், ஒரு நாள் நீலச் சுவர்க்காரியோடு கதைப்பேன். அழுகை வரும்தான். வந்து, போகும்.

காலை பத்து மணிக்குக் கதிரையைப் போட்டுக் கதவடியில் இருந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன வெளிச்சம் வந்தது. இத்தனை வருஷம் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் அதைப் பார்க்கவில்லை. வெள்ளைதான் உடுத்தியிருக்கிறேன். பச்சைச் சீலை மடிப்புக் குலையாமல் இருக்கிறது.

என்ட கேள்வி உங்களுக்கே தெரியும் என்றீர்கள். சரிதான். கடலுக்கு மேலே இருக்கிற அந்த ஆக்களுக்குப் பயமில்லையா? எங்கட கடல் செய்த வேலைக்குப் பிறகு நான் கரையிலேயே காலை நனைக்கிறதில்லை. இதை இனி ஆர் எனக்குக் கேட்டுச் சொல்வது? நானே போய்க் கேட்கப் போகிறேன் மச்சான். அப்படியே நீங்கள் இருக்கிற இடத்தையும் பார்த்துவிட்டு வருவேன்.

ஸுஹைறா


சாய்ந்தமருது
2025 யூலை 12

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இத்தா முடிந்தது. பயணத்துக்கு ஆயத்தம் செய்கிறேன். ஹிமாயாதான் பாஸ்போட், விசா வேலை எல்லாம் பார்க்கிறாள்.

அஷ்ரப் காக்கா வந்து சத்தம் போட்டார்.

"பொம்புளக்கி மையவாடில என்ன வேல? ஊர்ல மௌத்தான ஆளயே நீங்க போய்ப் பாக்கிறல்ல. இவ பிளேன் ஏறிப் போய்ப் பாக்கப் போறாவாம்!"

"அவர் ஒலகமெல்லாம் போய் எனக்குக் காட்டினார் காக்கா. அவர் இரிக்கிற எடத்த மட்டும் நான் பாக்கப்படாதா? உள்ளுக்குப் போகப்படாதெண்டா வெளிய நிண்டு பாப்பன்."

"வாப்பா, கூடப் பொறந்தவன் எண்டு மஹ்றமான ஆம்புள ஒராள் இல்லாம நீ பயணம் போக ஏலா."

"அதுக்குத்தானே அல்லாஹ் உங்களத் தந்திரிக்கான்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினார். படி இறங்கும்போது திரும்பி நின்றார்.

"அங்க சோறு கறி கிடைக்குமா?"

ஹிமாயா கதவுக்குப் பின்னால் சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றாள்.

நேற்றுக் கல்முனைக்குப் போய் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தோம். காக்காவுக்கு முதல் தரத்திலேயே சரிவந்தது. பாஸ்போட் படத்தில் சிரிக்கக் கூடாதாம், அந்த மனிசனைச் சிரிக்காதே என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பச்சைச் சீலைதான் உடுத்திப் போனேன். கதிரையில் இருந்தேன். கை மேலே போகவில்லை, மடியிலேயே கிடந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் பார்த்தீர்களா?

கெமராவைப் பார்த்ததும் உங்கட நினைவு வந்துவிட்டது. இந்த இடத்தில்தானே அதைச் சொல்ல இருந்தார், என்ன சொல்லியிருப்பார், மகளா என்று கேட்டிருப்பாரா, பசிக்கிறது என்றிருப்பாரா, கெமராவுக்குத் தொப்பி போட்டிருப்பாரா என்று ஓடி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தங்கச்சி, சிரிக்கப்படா. வாய மூடுங்க. இத எடுக்க மாட்டாங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

திரும்ப எடுத்தார். திரும்பவும் சிரித்தேன்.

"என்னத்த நெனச்சி இப்பிடிச் சிரிக்கிறீங்க? சொன்னா நாங்களும் சிரிப்பம்தானே."

"அது எனக்கே தெரியா நானா" என்றேன். வெளியே இருந்த காக்கா, "நேரமாகுது, அழுகிறண்டா வீட்ட போய் அழுங்க" என்று கத்தினார். என்ட சத்தம் அவருக்கு அழுகை மாதிரிக் கேட்டிருக்கிறது. கொஞ்சம் அதுவும்தான்.

ஒரு மாதிரி வாயை மூடி ஒன்று எடுத்தோம். அதில் நான் காக்கா மாதிரியே இருக்கிறேன். அழிக்கப் போனதில் ஒன்றை எனக்குக் கழுவித் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். நீங்கள் கேட்ட படம் அதுதான். தலை கொஞ்சம் சரிந்திருக்கிறது, எல்லாப் பல்லும் தெரிகிறது. ஹிமாயா பார்த்துவிட்டு, "இது ஆருகா இந்த வடிவான புள்ள?" என்றாள்.

இந்தக் கடிதத்துக்கும் முன் எழுதினதுக்கும் போட விலாசம் இல்லை. படத்தோடு சேர்த்து என்ட கையாலேயே கொண்டு வருகிறேன். முதலில் உங்களிடம். மறுகா அந்தக் கடல் வீட்டு ஆக்களிடம் போய் என்ட கேள்வியைக் கேட்பேன். அவர்கள் சொல்லிவிடுவார்கள். மற்றதைத்தான் ஆரிடமும் கேட்க ஏலாது.

நீங்கள் வாய் திறக்காமலே நான் இவ்வளவு சிரித்துவிட்டேன் மச்சான். அப்போ எனக்கென்று வைத்திருந்த அந்தச் சொல்தான் என்ன?

உங்கட
ஸுஹைறா